அரைப்பேர்

தோட்டத்து ஆபீஸ் ஏலத்தில்
ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு விழுந்தது
இந்த மடிக்கணினி.
விசைகளுக்கு இடையில் இன்னும் தேயிலைத் தூசு.
ஃப்ளொப்பியின் வாய் செத்துவிட்டது.
யூஎஸ்பி என்ற சொல்லே அதற்குத் தெரியாது.
அடியில் ஆறு ஆணி, ஆறும் துரு;
நோர்வூட்டில் என் கடையிலுள்ள
எந்தத் திருப்பிக்கும் அசையவில்லை.
சீடி மட்டும் சுற்றுகிறது,
ஏற்றத்தில் பஸ் மாதிரி இரைந்துகொண்டு.

உள்ளே இருக்கிறது
மேக்கணக்கு செக்ரோல், பன்னிரண்டு வருசம்.
செவனம்மாவுக்கு அதில் பதினேழு மாதம் வேண்டும்.
"அந்தக் காலத்தில் நீங்கள் வேலையே செய்யவில்லை" என்று
சேமலாப நிதிக் கந்தோரில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னார்களாம்.
செய்யாமலா என்று விரலை விரித்துக் காட்டினாளாம்.
கண்ணாடியில் கை பதிந்ததுதான் மிச்சம்.

பழைய டொஸ் எழும்பவில்லை.
டொஸ் மாதிரியே நடக்கும் இன்னொன்றை,
எங்கோ யாரோ காசு வாங்காமல் எழுதியதை,
சீடியில் எரித்துப் போட்டேன்.
கறுப்புத் திரை. ஒரு சின்னக் கோடு துடித்தது.
அதன் கணக்கில் அன்றைக்கு
1980 ஜனவரி ஒன்று.

ரொபின்சன் கண்டியில் எங்கெங்கோ கிளறி
பிஸ்கட் தடிப்பில் நெட்வேர்க் அட்டை ஒன்று கொண்டுவந்தான்.
முதல் நாள் அதற்கு டிரைவர் கிடைக்கவில்லை.
மறுநாள் கிடைத்த டிரைவர்
அட்டையைக் காணோம் என்றது.
மூன்றாம் நாள், இன்டரப்ட் ஐந்தைப் பத்தாக்கினேன்.
ஓரத்தில் பச்சை விளக்கு.
ரொபின்சன் ஒன்றும் பேசாமல் போய்
இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தான்.

ரவுட்டர் ஜன்னலில்.
பனி இறங்கினால் சிக்னல் ஒரு கோடு,
விலகினால் இரண்டு.
முகவரி கேட்டேன்.
ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. இன்னொன்று.
கொடுத்துவிட்டது:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும் முகவரி,
இருபத்துநாலு மணித்தியாலக் குத்தகைக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது.
நான் பிறந்த லயத்துக்கு இன்றுவரை இலக்கம் இல்லை.
எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வரும்,
நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு.

நேரத்தையும் கேட்டேன்.
ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள் என்று சொல்லிவைத்தேன்.
நாற்பது வருசத்துக்கு மேல் ஒரே எட்டில் தாண்டியது.
அந்த எட்டுக்குள்தான்
செவனம்மாவின் பதினேழு மாதமும்.

"எதையாவது திறந்து பாரு" என்றான் ரொபின்சன்.
எல்லா வாசலும் பூட்டு;
இப்போதைய பூட்டுகளின் பாஷை இதற்குத் தெரியாது.
பூட்டாத ஒன்று அகப்பட்டது.
எந்த நாட்டுக்காரனோ
தன் தேனீப் பெட்டிகளின் நிறையை
கிழமைக்கொரு தடவை எழுதி வைத்திருக்கிறான்.
படமில்லை. வெறும் கிலோக் கணக்கு.
கொழுந்து நிறுவை பார்க்கிற மாதிரி
இருவரும் கடைசி வரி வரை வாசித்தோம்.

பிறகு கோப்புகளை அனுப்பத் தொடங்கினேன், என் போனுக்கு.
மாதத்துக்கு ஒரு கூடு,
கூட்டுக்குள் ஆளுக்கொரு கோப்பு.
எட்டு எழுத்துக்கு மேல் பெயருக்கு இடமில்லை.
கிளாக்கர் இங்கிலீசில் அடித்த செவனம்மா
கடைசி எழுத்தை இழந்து
செவனம்ம் என்று நிற்கிறாள்.
திறந்தால் அவளுடைய நாட்கள்:
பேர், பேர், அரைப்பேர்,
மழை, பேர், அரைப்பேர்.

பதினாறு வந்தது.
பதினேழாவதில் வட்டு கிறீச்சிட்டது.
கைவிடவா, மறுபடி பார்க்கவா, பிழையென்று விடவா
என்று திரை கேட்கிறது.
"பதினாறு போதும்டா" என்கிறான் ரொபின்சன்.
கீழே, பேக்கரி வாசலில்
செவனம்மா குடையை மடக்கும் சத்தம்.
மறுபடி.
கிறீச்.
மறுபடி.